சிப்பாயின் கோல்

தமிழில் தன்வரலாற்று இலக்கியம் வளமுடையது. ஆயினும் அவ்வளம் ஒருபக்கமாகச் சாய்ந்த வளம். புலவரும் அரசியல் தொண்டரும் நாடகக் கலைஞரும் தத்தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தனர். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', நாமக்கல் கவிஞரின் 'என் கதை', திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புக்கள்', டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' ஆகியவை ஆசிரியரும் மாணவரும் நன்கறிந்தவை. உடலால் உழைத்துப் புகழெய்தியவன், அவன் மல்லனாயினும் படைவீரனாயினும் பந்தாட்டக்காரனாயினும், தன் கதையைத் தானே சொன்ன நூல்களோ அரிதினும் அரிது. அத்தகையோரைப் பிறர் பாடினர்; பிறர் கல்லில் செதுக்கினர்; பிறர் மேடையில் புகழ்ந்தனர். தன் வாயால் அவன் பேசியது குறைவு.

இக்குறையை நினைக்கும்போது கருத்திற்கு வருவது, தமிழில் எழுதப்படாத, ஆனால் தமிழ்நாட்டின் தலைநகரில் அச்சேறிய ஒரு நூல். ஹாக்கி ஆட்டத்தின் ஒப்பற்ற வீரர் தியான் சந்த் ஆங்கிலத்தில் வெளியிட்ட தன்வரலாறு அது. சென்னையில் 'இந்து' நாளிதழ் நிறுவனத்தார் நடத்திய 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' இதழின் வெளியீடாக 1952-இல் வந்தது. நூலின் பெயர் 'கோல்'. கம்பங்களுக்கிடையே பந்து புகுவதை ஆங்கிலம் அச்சொல்லால் குறிக்கும். தமிழில் எழுதினால் அதே சொல் ஆட்டக்காரனின் கையிலுள்ள வளைகோலையும் குறிக்கும். அரசனின் செங்கோலையும் குறிக்கும். நூலாசிரியர் எண்ணிப் பாராத பொருத்தம் இது. தமிழாசிரியர்க்கு மட்டும் கிட்டும் சிறு மகிழ்ச்சி எனக் கொண்டு மேலே செல்லலாம்.

தியான் சந்த் யார் என்று கேட்டால் பள்ளி மாணவரும் விடை கூறுவர். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியா தங்கம் வெல்லக் காரணமாயிருந்தவர். அவரது பிறந்த நாளான ஆகஸ்டு 29 இந்தியாவில் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருது 2021 முதல் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. இவை யாவும் உண்மை. ஆயின் இவ்விடைகளில் விடுபட்டுப் போகும் ஒன்றுண்டு. அவர் முதலில் சிப்பாய். பிறகே ஆட்டக்காரர். பெயருக்கு முன்னால் 'மேஜர்' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அச்சொல்லின் பொருளை நினைக்கும் பழக்கம் இல்லை. படைவாழ்வை நீக்கிவிட்டு அவருடைய ஆட்டத்தைச் சொல்ல இயலாது என்பதே அந்நூலின் ஒவ்வோர் இயலும் காட்டும் செய்தி. மேடைப் பேச்சுகளும் போட்டிக் கட்டுரைகளும் அதனை நீக்கியே அவரைச் சொல்கின்றன.

நூல் தொடங்கும் முறையே கருதத்தக்கது. தம்மைச் சாதாரண மனிதர் என்றும், அதன்பின் படைவீரர் என்றும் அறிமுகம் செய்துகொள்கிறார் ஆசிரியர். இதனை வெறும் அவையடக்கம் என்று கொள்வது பிழை. காவியத் தொடக்கத்தில் புலவன் கூறும் அவையடக்கத்தில் உள்ளூரப் பெருமிதம் ஒளிந்திருக்கும். தியான் சந்தின் கூற்றிலோ அலுவலகப் பதிவேட்டின் உண்மையே உள்ளது. 1905-இல் அலகாபாத்தில் பிறந்தார். தந்தையும் ஆங்கிலேயர் படையில் பணியாற்றியவர். இடமாற்றங்களால் குடும்பம் அலைந்து இறுதியில் ஜான்சியில் தங்கியது. ஆறு ஆண்டுப் பள்ளிப் படிப்போடு கல்வி நின்றது. 1922-இல், பதினாறு வயது நிறைந்தபோது, தில்லியில் முதலாம் பிராமணர் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். அதற்குமுன் குறிப்பிடத்தக்க முறையில் ஹாக்கி ஆடிய நினைவு தமக்கில்லை என்று அவரே எழுதுகிறார். பிறவிமேதை, தொட்டில் பழக்கம் என்றெல்லாம் அடுக்குவோர் இவ்வொரு வாக்கியத்தின் முன் நின்று விடை கூறவேண்டும்.

அவருக்குக் கோல் பிடிக்கக் கற்பித்தவர் அப்படைப்பிரிவின் சுபேதார் மேஜர் பாலே திவாரி. பாசறையில் ஆட்டத்திற்கென வரையறுத்த வேளை இருக்கவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஆடினர். இப்பகுதியைப் படிக்கும் தமிழாசிரியர்க்கு 'என் சரித்திரம்' நினைவுக்கு வராமற் போகாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட நாள்களைச் சாமிநாதையர் எத்துணை விரிவாக எழுதுகிறார்! ஆசிரியர் 1876-இல் மறையும் வரையிலான அவ்வாண்டுகள்தாம் அந்நூலின் உயிர்நிலை. எந்த நூல், எந்தத் திண்ணை, எவ்வேளை உணவு என்பவை கூட அங்கே பதிவாகியுள்ளன. தியான் சந்தின் நூலில் பாலே திவாரி அவ்வாறு உருப்பெறவில்லை. பெயரும் நன்றியும் உள்ளன, முகம் இல்லை. கைம்மணிக்கட்டை எவ்வாறு திருப்பச் சொன்னார், எப்பிழைக்குக் கடிந்தார் என்பவற்றை அறியும் ஆவல் எஞ்சி நிற்கிறது. ஆசிரியப் பணியில் உள்ளவர்க்கு இது சிறு குறையன்று.

குருவின் முகத்தை வரையத் தவறிய அந்தக் கை, படிநிலையை வரைவதில் தவறவில்லை. 1926-இல் இந்தியப் படை அணி நியூசிலாந்து சென்றது. ஆங்கிலேய அதிகாரிகளும் இந்தியச் சிப்பாய்களும் கலந்த அணி அது. நீ நியூசிலாந்து செல்லவிருக்கிறாய் என்று மேலதிகாரி அறிவித்தபோது இளைஞருக்கு வாயெழவில்லை. ஏழைச் சிப்பாய்க்குப் பயண உடை ஏது? படை கொடுத்த உடைகளே பெரும்பாலும் துணைநின்றன. அங்கே விருந்துகளிலும் வரவேற்புகளிலும் அதிகாரியும் சிப்பாயும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். சொந்த நாட்டில் கனவிலும் காணாத காட்சி அது. ஆடிய 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமநிலை, ஒரே ஒரு தோல்வி. திரும்பிய தியான் சந்துக்குக் கிடைத்த பரிசு லான்ஸ் நாயக் என்னும் ஒருபடி உயர்வு. ஆட்டத்தின் புகழுக்குப் படை கொடுத்த விலை எவ்வளவு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? ஆசிரியர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மகிழ்ச்சியாகவே சொல்கிறார். படிப்போர்தாம் நின்று எண்ண வேண்டியிருக்கிறது.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு அணி கப்பலேறியபோது பம்பாய்த் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர் மூவர். கூட்டமைப்பின் பொறுப்பாளர் இருவர், பத்திரிகையாளர் ஒருவர். ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்து, ஒன்றுகூட வாங்காமல் தங்கத்தோடு திரும்பியபோது அதே துறைமுகம் கொள்ளவில்லை. 29-இல் 14 தியான் சந்த் அடித்தவை. இறுதி ஆட்டத்தின்போது அணியில் நோயுற்றோர் பலர். அவரும் உடல்நலம் குன்றியிருந்தார். ஆயினும் களமிறங்கினார். படைவீரன் தொழிலைக் கொண்டவனுக்கு வேறு வழியில்லை என்ற பொருள்பட இதற்குக் காரணம் கூறுகிறார். நாட்டுப்பற்று என்னும் சொல்லைவிடத் தொழில் என்னும் கருத்தே அங்கு முந்தி நிற்பதை ஊன்றிப் படிப்போர் உணர்வர்.

வெற்றிக்குப்பின் நடந்தது இன்னும் சுவையானது. உலகை வென்ற ஆட்டக்காரர் வடமேற்கு எல்லையில் வசீரிஸ்தான் மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஹாக்கிக் களத்திற்கும் அவருக்கும் தொடர்பு அறுந்தது. 1932 ஒலிம்பிக்குக்கு அணி தேர்ந்தெடுக்க மாகாணப் போட்டிகள் நடந்தபோது அவற்றில் கலந்துகொள்ள அவருக்கு விடுப்புத் தருமாறு படை விளையாட்டு வாரியம் கேட்டது. படைப்பிரிவு மறுத்தது. தேர்வுப் போட்டி ஆடாமலேயே அவரைக் கூட்டமைப்பு தேர்ந்தெடுத்தது. 1936-இலும் இதே கதை: விடுப்பு மறுப்பு, நேரடித் தேர்வு. 1935-இன் நியூசிலாந்துப் பயணத்தில் அணித்தலைமை அவருக்குக் கிடைத்ததும் மாணவதர் நவாப் ஆட மறுத்த பின்னரே. உலகின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரனின் நேரம் அவனுக்குச் சொந்தமாக இல்லை. எங்கே உறங்குவது, எப்போது ஆடுவது, எக்கப்பலில் ஏறுவது என்பன அனைத்தும் பிறர் கையெழுத்தால் தீர்ந்தன. சயாம் மரண ரயில்பாதையை அறிந்த சமுதாயத்திற்கும், தோட்டத்துப் பெரட்டு மணியோசையில் விழித்தெழுந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும், பிறர் கையெழுத்தில் வாழ்வது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிள்ளான் வட்டாரத் தமிழ் மாணவர் இந்நூலை அணுகத்தக்க வாயில் இதுவே.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்தரும். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் பிட்சர் எனப்படும் பந்தெறிவாளர் கிரிக்கெட்டின் பந்துவீச்சாளரை ஒத்தவர். ஆட்டத்தின் போக்கே அவர் கையிலிருந்துதான் தொடங்கும். அத்தகையோருள் முதல்வரிசையில் வைத்தெண்ணப்படும் பாப் பெல்லர் அயோவா மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தில் 1918-இல் பிறந்தவர். கிளீவ்லாந்து அணிக்காகப் பதினேழாம் வயதிலேயே களம் கண்டார். ஊதியம் பெற்று ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். ஏறத்தாழ அதே வேளையில் கோத்தா பாருவிலும் கரையிறங்கினர். பெல்லரின் தந்தை அப்போது தீராநோயில் கிடந்தார். குடும்பத்தைத் தாங்குபவர் என்ற முறையில் படைச்சேவையிலிருந்து அவருக்கு விலக்கு இருந்தது. அதைக் கருதாமல் தாக்குதல் நடந்த இரண்டாம் நாள் கடற்படையில் சேர்ந்தார். 'அலபாமா' போர்க்கப்பலில் பீரங்கிக் குழுவின் பொறுப்பாளராகப் பசிபிக் கடலில் போரிட்டார். 1945-இல் திரும்பினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளின் ஆட்டம் போயிற்று. அவர் பெற்ற வெற்றிகள் 266. அந்த ஆண்டுகளும் இருந்திருந்தால் எத்தனை என்று அமெரிக்க ரசிகர் இன்றும் கணக்கிட்டுப் பார்க்கின்றனர். அவரும் 1947-இல் தன் கதையை நூலாக்கினார். 2010-இல் மறைந்தார்.

இருவரையும் பந்தும் படையும் இணைக்கின்றன. ஆயினும் வேற்றுமையே பெரிது. பெல்லருக்கு ஆட்டம் தொழில். படை அவர் தாமே விரும்பி ஏற்ற இடையீடு. தியான் சந்துக்குப் படை தொழில், ஆட்டமே இடையீடு. பெல்லர் இழந்ததை எண்ணலாம். 1940, 1944 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளும் போரால் நடைபெறாமையால் தியான் சந்தும் இழந்தார். ஆனால் படையே அவருக்குக் கோலைக் கொடுத்தது என்பதால் படை அவரிடமிருந்து எதை எடுத்தது என்று கணக்கெழுதுவது எளிதன்று. கொடுத்த கையும் எடுத்த கையும் ஒன்று.

இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டியையும் ஈண்டு நினைக்கலாம். யார்க்‌ஷயர் அணியின் தொழில்முறைச் சுழற்பந்து வீச்சாளர். 1934-இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டு ஆட்டத்தில் முதல் இன்னிங்சில் 49 ஓட்டங்களுக்கு ஏழு பேரை வீழ்த்தியதைச் சென்னைவாசிகள் கண்ணாரக் கண்டனர். கேப்டனாகப் போர்முனை சென்று சிசிலியில் காயமுற்று, 1943 ஜூலை 31 அன்று இத்தாலியின் கசெர்ட்டாவில் உயிர்நீத்தார். அவருக்குத் தன்வரலாறு எழுதக் காலம் வாய்க்கவில்லை.

தியான் சந்துக்கு அக்காலம் வாய்த்தது, எழுதியும் வைத்தார். அப்படியிருந்தும் அவரைப் பற்றி மேடையில் சொல்லப்படுபவை அந்நூலிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல என்பதுதான் வியப்பு. மூன்று கதைகள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. ஐரோப்பாவில் அவர் கோலை உடைத்து உள்ளே காந்தம் இருக்கிறதா என்று பார்த்தார்களாம். பெர்லின் இறுதி ஆட்டத்தில் வெறுங்காலோடு ஓடினாராம். ஆட்டத்தைக் கண்டு மயங்கிய ஹிட்லர் தம் படையில் உயர்பதவி தருவதாக அழைக்க, இவர் மறுத்தாராம். மூன்றாம் கதைதான் பேச்சுப்போட்டிகளில் கைதட்டல் பெறுவது.

ஏட்டுச் சுவடிகளில் பாடவேறுபாடு ஆராய்வதைப் பெருமையாகக் கொண்ட தமிழ்க்கல்வி மரபு, இக்கதைகளின்மேல் அதே கண்ணைச் செலுத்தலாகாதா? வெறுங்கால் கதையைப் பாருங்கள். இறுதி ஆட்டம் 1936 ஆகஸ்டு 14 அன்று நடப்பதாக இருந்து மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஈரத்தரையில் முற்பாதி ஆட்டம் தளர்ந்தது. பிற்பாதியில் அவர் ஆணியடித்த காலணியையும் நீண்ட காலுறையையும் களைந்து, இரப்பர் அடிகொண்ட காலணியோடு ஆடினார் என்பது அக்காலச் செய்தி. காலுறையற்ற கால் என்பது வாய்மாறி வாய்மாறி வெறுங்காலாயிற்று. ஏடெழுதுவோன் ஓரெழுத்தை விட்டதால் பொருள் திரிந்த கதைதான் இதுவும். அந்த ஆட்டத்தில் அவர் அடித்த கோல்கள் மூன்று என்பாரும் உளர். ஆறு என்பாரும் உளர். அணி அடித்தவை எட்டு, வாங்கியது ஒன்று என்பதில் ஐயமில்லை. 1932-இல் அமெரிக்காவை 24-1 என்று வென்ற ஆட்டத்தில் தம்பி ரூப் சிங் பத்தும் தியான் சந்த் எட்டும் அடித்தனர். தம்பி அண்ணனை விஞ்சிய அச்செய்தியை எந்த மேடையும் சொல்வதில்லை. தனியொருவனாக நின்று வென்றான் என்பதற்கு அது இடையூறு போலும்!

ஹிட்லர் கதை தியான் சந்தின் தன்வரலாற்றில் இல்லை. இத்தகைய அழைப்பு வந்திருந்தால் அதைவிடப் பெரிய நிகழ்ச்சி ஒரு சிப்பாயின் வாழ்வில் வேறென்ன இருக்கமுடியும்? அவர் எழுதாததைப் பிறர் எழுதினர். கதை தவறானது என்பதோடு குறை நிற்கவில்லை. அது வேண்டப்படும் காரணமே ஆராயத்தக்கது. ஒரு கொடுங்கோலன் பாராட்டினான் என்பதால்தான் ஆட்டத்திற்கு மதிப்பு என்றாகிவிடுகிறது. இந்தியனின் தகுதிக்கு ஐரோப்பியன் சான்று தரவேண்டும் என்னும் அடிமைமனம் வீரக்கதையின் வேடம் பூண்டு வருகிறது. மறுத்தான் என்ற முடிவு அவ்வேடத்திற்குப் பூசிய பொன்முலாம்.

இதைவிட வலிய காட்சி நூலிலேயே உண்டு. பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியரிடம் 4-1 என்று தோற்றிருந்தமையால் இறுதி ஆட்டத்தின்போது அணி கலங்கியிருந்தது. ஆட்டத்திற்கு முன் உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை விரித்தார். அனைவரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களம் புகுந்தனர். வெளியே அணிவகுத்தது ஆங்கிலேய ஆட்சியின் கொடிக்குக் கீழ். உள்ளே வணங்கியது அந்த ஆட்சி பகைத்த கொடியை. அணித்தலைவரோ அந்த ஆட்சியின் சம்பளம் வாங்கும் படைவீரர். அச்செய்தி மேலதிகாரிக்கு எட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நாள் ஆகஸ்டு 15. பதினோராண்டு கழித்து அந்நாளுக்கு என்ன பொருள் வரப்போகிறது என்பதை அறியாதவர்களாய் ஆடினோம் என்று பின்னர் நினைவுகூர்கிறார். ஹிட்லரை நுழைக்காமலேயே நெஞ்சை நிறுத்தும் இக்காட்சி இருக்க, பொய்க்கதை எதற்கு?

மெய்யான ஆட்டத்தை மெய்யாகவே பாடியவர் தமிழில் உளர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஆசிரியர் பலரும் வகுப்பில் நடத்தியதே. படைக்குரிய அரசிளங்குமரன் அங்கே மற்போர் வீரனாக நிற்கிறான். புலவர் அவனைச் சிங்கமென்றோ மலையென்றோ சொல்லி அமையவில்லை. ஒரு கால் எதிரியின் மார்பில் எவ்வாறு ஊன்றியது, மற்றொரு கால் பின்னே எவ்வாறு வளைந்து அவன் வலியைத் தடுத்தது என்று பிடியின் அமைப்பையே காட்டுகிறார். மகனோடு மனம் மாறுபட்ட தந்தை தித்தன் இதைப் பார்க்கவேண்டுமே என்கிறார். ஆட்டத்தின் நுட்பமும் குடும்பத்தின் மனக்கசப்பும் ஒருங்கே அமைந்த சிறு பாடல் அது. அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் தியான் சந்தைப் பற்றிய கட்டுரைகளில் அவர் எவ்வாறு ஆடினார் என்பதே இல்லாமை புலப்படும். பந்து கோலை விட்டு அகலாமல் சென்றது. தாம் அடிப்பதினும் நன்னிலையில் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவதில் வல்லவர். களத்தில் யார் எங்குள்ளார் என்பதைத் திரும்பிப் பாராமலே அறிந்தவர் போல ஆடினார். சதுரங்கம் ஆடுவோன் பலகையைப் பார்ப்பதுபோல் களத்தை அவர் கண்டார் எனலாம். காந்தம் இருந்தது கோலிலன்று.

நூலை முற்றும் புகழ்வதும் திறனாய்வாகாது. பயணம், ஆட்டம், கோல் எண்ணிக்கை, மீண்டும் பயணம் என்று பல பக்கங்கள் பதிவேடாகச் செல்கின்றன. 1932-இல் கொழும்பில் 20-0, 10-0 என்று வென்றது போன்ற எண்கள் முதலில் வியப்பூட்டி, பின்னர் அலுப்பூட்டுகின்றன. தோற்றவர் முகம் எங்கும் தெரிவதில்லை. இல்லறம் பற்றிய செய்தி மிகக் குறைவு. அரசியல் பற்றியும் அவ்வாறே. உடைமாற்றும் அறைக் காட்சி ஒரு மின்னலாக வந்து மறைகிறது. இதற்குக் காரணம் உண்டு. 1952-இல் நூல் வெளிவந்தபோது ஆசிரியர் இன்னும் படைச்சேவையில் இருந்தார். ஓய்வு பெற்றது 1956-இல்தான். பத்ம பூஷண் விருதும் அவ்வாண்டே வந்தது. பதவியில் உள்ள படைவீரன் எவ்வளவு பேசலாமோ அவ்வளவே பேசினார். சாமிநாதையரின் நூல் முற்றுப்பெறாமல் நின்றதற்குக் காரணம் 1942-இல் வந்த மரணம். தியான் சந்தின் நூல் முற்றுப்பெற்றும் முழுமைபெறாமைக்குக் காரணம் சீருடை.

அந்தச் சீருடை மலாயா மண்ணுக்கும் அந்நியமன்று. தியான் சந்த் பின்னர்ச் சேர்ந்திருந்தது 14-ஆம் பஞ்சாப் படைப்பிரிவு. அதன் முதற் பட்டாளம் 1941 டிசம்பரில் கெடாவின் சங்லூன், ஆசுன் பகுதிகளில் ஜப்பானியரை எதிர்கொண்டு சிதறியது. அப்பட்டாளத்தைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங்கே முதல் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தவர். 1943-இல் நேதாஜி அழைத்தபோது தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது அதன் தொடர்ச்சியாய் எழுந்த படையில்தான். ஒரே படைப்பிரிவின் சிப்பாய் ஒருவர் ஆங்கிலேயர் படையிலேயே இருந்து அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். மற்றொருவர் அதை விட்டு வெளியேறிப் பகைப்படை கண்டார். இவ்விரு வழிகளுள் ஒன்றை மட்டும் வீரமென்று மாணவர்க்குக் கற்பித்தால் மற்றதன் உண்மை மறைந்துவிடும். தியான் சந்தின் நூலை மலேசியத் தமிழர் படிக்கும்போது இந்த ஒப்புநோக்கு தானே எழும். வட இந்திய வாசகர் அனைவர்க்கும் அது எழுமென்று சொல்வதற்கில்லை.

இந்நாட்டில் ஹாக்கியின் வரலாறும் தமிழர் வரலாற்றோடு பின்னியதே. பிரிக்பீல்ட்சின் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அலுவல் முடிந்த மாலைகளில் கோலேந்தினர். அவர் தம் பிள்ளைகள் பள்ளி அணிகளில் ஆடினர். 1975-இல் உலகக்கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் முதலியோர் ஆடிய மலேசிய அணி அரையிறுதி வரை முன்னேறியது. அங்கே எதிர்நின்றது இந்தியா. மலேசியா 2-1 என்று முந்தி நின்றது. முடிவு நெருங்கும் வேளையில் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என்று வென்றது. தாய்நாடு எது, மூதாதையர் நாடு எது என்னும் வினா அன்று காட்சிமேடையில் அமர்ந்திருந்த தமிழரின் தொண்டைக்குழியில் நின்றிருக்கும். அதைப் பற்றி ஒரு நல்ல சிறுகதை எழுதலாம்.

மார்ச் 15 அன்று மெர்டேக்கா அரங்கில் இறுதி ஆட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1-1 என்று நின்றபோது இந்திய வீரர் ஒருவர் அடித்த பந்து கம்பத்தின் உள்மூலையில் பட்டுத் திரும்பி வந்தது. கோல் இல்லை என்று பாகிஸ்தானியர் முறையிட்டனர். மலேசிய நடுவர் ஜி. விஜயநாதன் கோல் என்றார். தீர்ப்பு மாறவில்லை. உலகக்கிண்ணம் இந்தியாவுக்குச் சென்றது. ஒரு கணத்தில் கண்டு, ஒரு கணத்தில் துணிந்து, இரு நாடுகளின் கூச்சலுக்கு நடுவே நின்ற அந்நடுவரின் வாழ்வும் தமிழில் விரிவாக எழுதத்தக்கது.

பந்தை அடித்தவர் அசோக் குமார், தியான் சந்தின் மகன். பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதைத் தந்தை ஊக்குவிக்கவில்லை என்று அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். இவ்வாட்டத்தில் வயிறு நிறையாது என்பதைத் தந்தை அறிந்திருந்தார். ஓய்வுக்குப்பின் பாட்டியாலா தேசிய விளையாட்டுப் பயிலகத்தில் பயிற்சி அளித்துவிட்டு ஜான்சியில் வாழ்ந்த அவர், 1979 டிசம்பர் 3 அன்று புதுதில்லி மருத்துவமனை ஒன்றின் பொதுப்பிரிவில் மறைந்தார். ஜான்சியில் அவர் ஆடிய திடலிலேயே எரியூட்டினர். கோலாலம்பூரில் மகன் அடித்த கோலைப் பற்றித் தந்தை என்ன நினைத்தார் என்பதற்கு 1952-இல் முடிந்த நூலில் இடமில்லை. தித்தன் என்ன நினைத்தான் என்பதைச் சாத்தந்தையாரும் சொல்லவில்லை.